பெட்ரோலுக்குக் கரையாதது

அந்தப் பட்டறையில் பைக்கின் பெட்ரோல் டேங்க்கைத் திருப்பிக் கொடுப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. பெயிண்ட் அடித்து முடித்த டேங்க்கை மேசைமேல் நிறுத்தி, வண்டிக்காரர் கையில் ஒரு சின்னக் குவளை பெட்ரோலைக் கொடுப்பார்கள். மூடி இருக்கும் இடத்திலிருந்து பக்கமெல்லாம் வழியும்படி அவரே அதை ஊற்ற வேண்டும். புது மினுமினுப்பின்மேல் பெட்ரோல் ஊற்ற யாருக்கும் கை வராது. பெற்ற பிள்ளையைத் தெருவில் வைத்து அடிக்கச் சொன்னது போலத் தயங்குவார்கள்.

"ஊத்துங்க சார், கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பெட்ரோல் எங்களோடது" என்பார் முதலாளி.

பெட்ரோல் வழிந்ததும் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அழுத்தித் துடைத்து, கொடி போல விரித்துக் காட்டுவார். துணி வெள்ளையாகவே இருக்கும். வண்டிக்காரர் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டுச் சிரிப்பார். இந்த நாடகத்தைப் பார்ப்பதற்காகவே வேலையில்லாதவர்கள் வாசலில் நிற்பதுண்டு.

துணியை விரித்துக் காட்டியவர் முதலாளி. பெயிண்ட் அடித்தவனை எல்லோரும் பூனை என்று கூப்பிட்டார்கள். அடிப்பதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்து, தூசி எழாதபடி பாதத்தை உருட்டி உருட்டி வைத்து டேங்க்கைச் சுற்றி வருவான்; பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. முதலாளியின் தங்கையைக் கட்டியவன் அவன். முதலாளி அவனை "மாப்ளே" என்பார். அந்தச் சொல்லில் பாதி உறவு, பாதி அதட்டல். பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் அவனும் மனைவியும் குடியிருந்தார்கள். அறை முதலாளியுடையது. ஸ்ப்ரே கன், கம்ப்ரசர், ஏறி இறங்கும் இரும்புப் படி எல்லாமே முதலாளியுடையவை. அந்த வெள்ளைத் துணி இதுவரை ஒருமுறைகூடக் கறைபட்டதில்லை என்பது மட்டும்தான் பூனைக்குச் சொந்தம். சொந்தம் குறைந்தவர்கள் இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். அவனும் அப்படித்தான்.

அதற்காக அவனை நல்லவன் என்று சொல்லிவிட முடியாது. வேறு இடத்தில் பெயிண்ட் அடித்த டேங்க் எது கண்ணில் பட்டாலும், கட்டைவிரலைப் பெட்ரோலில் நனைத்து அதன்மேல் ஒரு தேய் தேய்ப்பான். விரலில் நிறம் ஏறும். "இது பெயிண்ட் இல்ல சார், முகப்பவுடர். மழையில நனைய விட்டுடாதீங்க" என்று வண்டிக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்வான். தெருமுனையில் புதிதாகக் கடை போட்ட ஒருவனை இப்படித்தான் ஒழித்தான். வண்டியை எடுக்க ஆள் வந்து நிற்கும் நேரம் பார்த்துப் போய், வாழ்த்துச் சொல்கிறவன் போல டேங்க்கைத் தடவிக் கொடுத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அந்த மனிதன் இப்போது பூட்டுக்குச் சாவி போட்டுக்கொண்டிருக்கிறான். பூனை இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கேட்பவர்களும் சிரிப்பார்கள். அவன் மனைவி மட்டும், கீழே உட்கார்ந்து டேங்க்கை உப்புத்தாளால் தேய்த்தபடி, "பாவம்ங்க அந்த ஆளு" என்பாள்.

"பாவம் பாத்தா பல்லிதான் மிஞ்சும்" என்பான் அவன். அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்டதில்லை.

டேங்க் பெயிண்டில் ஒரே ஒரு சூட்சுமம்தான் உண்டு. ஒரு டின்னில் வருகிற பெயிண்ட் காயும். ஆனால் காய்வது வேறு, இறுகுவது வேறு. காய்ந்த பெயிண்டின்மேல் பெட்ரோல் பட்டால் அது தான் வந்த வழியே திரும்பிப் போய்விடும், நீராக. இறுக வேண்டுமென்றால் இரண்டாவதாக ஒரு சின்ன டின் வேண்டும். அதற்கு ஹார்ட்னர் என்று பெயர். அளந்து கலக்க வேண்டும். கலந்த பின் அது காத்திருக்காது. கலவை குவளையிலேயே இறுகத் தொடங்குவதற்குள் அடித்து முடித்துவிட வேண்டும். அப்படி இறுகியதைப் பெட்ரோல் ஒன்றும் செய்யாது. பூனை அதைத்தான் அடித்தான், கதவை மூடிக்கொண்டு, பிளாஸ்டிக் திரைக்குள், முகத்தில் ஒன்றும் கட்டாமல். மூக்கை மூடிக்கொண்டு அடிக்கிறவனுக்குக் கை பேசாது என்பது அவன் கொள்கை. கொள்கைகளில் மிக மோசமானவை பலகாலம் பலித்தவைதாம்.

முதலில் தொண்டையில் ஒரு குறுகுறுப்பு வந்தது. பிறகு, வேலை செய்த நாட்களில் மட்டும், சாயங்காலமானால் மார்பைச் சுற்றிக் கயிறு கட்டியது போல இருந்தது. பிறகு படுத்தால் விசில் சத்தம். இரும்புப் படியில் பாதியில் நின்று, ஏதோ யோசிப்பவன் போலக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். மனைவிதான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா அவனை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். "இன்னும், இன்னும்... அவ்வளவுதானா?" என்றார். பிறகு என்ன வேலை என்று கேட்டார்.

"ரெண்டு டின் கலந்து அடிக்கிற பெயிண்டா?"

"ஆமா டாக்டர். அதுதான் பெட்ரோல் தாங்கும்."

"பெட்ரோல் தாங்கும். உங்க நுரையீரல் தாங்கலையே. அந்த ஹார்ட்னரை அது பகையாளின்னு ஞாபகம் வச்சிருச்சு. இனிமே துளி உள்ள போனாலும் மூச்சுக் குழாயை இறுக்கிடும். ஒரு நாள் அப்படியே விழுந்துடுவீங்க. திரும்ப எழுந்திரிப்பீங்கன்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

"எனக்கு மட்டும் ஏன் டாக்டர் இப்படி?"

"உங்களுக்கு மட்டும்னு யார் சொன்னா? முகமூடி இல்லாம அதை அடிக்கிற யாருக்கும் வரலாம். யாருக்கு எப்போன்னுதான் சொல்ல முடியாது. கூட வேலை செய்றவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்."

வெளியே வந்ததும் மனைவி எழுந்து, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"மருந்து குடுத்திருக்காங்க. இதை வாயில வச்சு அழுத்தி உறிஞ்சணுமாம்" என்று சின்ன ஊதாக் குப்பியைக் காட்டினான். மீதியை வழியில் சொல்லலாம் என்று நினைத்தான். வழி முடிந்துவிட்டது.

முதலாளியிடம் சொல்ல முடியாது. அடிக்க முடியாத பெயிண்டரை மாடியில் வைத்துக்கொள்ள அவர் என்ன தர்ம சத்திரமா நடத்துகிறார்? ஆகவே பூனை வேறு பெயிண்ட் தேடிக் கிளம்பினான். பெயிண்ட் கடைக்காரன் பழகினவன், வாய்த்துடுக்கானவன்.

"ஹார்ட்னர் இல்லாம, பெட்ரோலுக்கும் கரையாம எதாவது இருக்கா?"

"அண்ணே, மாமியார் வேணாம், மாமியார் வீட்டு விருந்து மட்டும் வேணுமா?"

"விளையாடாதே. இருக்கா இல்லையா?"

"இருக்குன்னு டின்மேல எழுதியிருக்கும். டின்னு எதையும் எழுதிக்கும். நீங்க ஊத்திப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்."

அவன் ஊற்றிப் பார்த்தான். பிஸ்கட் டின் மூடிகளைத் தேய்த்து, பிரைமர் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயிண்டாகப் பூசி மாடி ஜன்னலில் வரிசையாக வைத்தான். நன்றாகக் காயவிட்டு, மனைவி சொட்டு மருந்துக் குப்பியால் ஒவ்வொன்றின்மேலும் பெட்ரோல் விட்டாள். குலுக்கி அடிக்கிற டின் பெயிண்ட் உடனே துணியோடு வந்துவிட்டது. ஒரு டின் வார்னிஷ் பாலாடை போலச் சுருங்கியது. கதவுக்கு அடிக்கிற எனாமல் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. மறுநாள் பார்த்தால் விரல் வைத்த இடத்தில் ரேகை பதிந்தது. சூட்டடுப்பில் வைத்து வேகவிடுகிற பெயிண்ட் ஒன்றை வெல்டிங் பட்டறையில் கெஞ்சி வேகவைத்து வாங்கி வந்தான். அது கல் மாதிரி நின்றது. பெட்ரோலை அதன்மேல் குளமாகவே கட்டி வைத்தார்கள், அசையவில்லை. பூனை அந்த மூடியை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆனால் இவனிடம் வருகிற டேங்க்குகள் விழுந்து நசுங்கி, பட்டி பூசி நிரவிய டேங்க்குகள். அவற்றை அடுப்பில் வைத்தால் பட்டி உப்பி எழுந்துகொள்ளும். கடைசி மூடியில் பழைய இரண்டு டின் கலவையைப் பிரஷ்ஷால் தடவியிருந்தான். பெட்ரோலுக்கு அதுவும் அசையவில்லை. ஆனால் பிரஷ் கோடு தெரிகிற டேங்க்கை யார் வாங்குவார்கள்? தடவிய அன்று சாயங்காலமே அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றதும் உண்மை.

"எதுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம்? நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு?" என்றாள் மனைவி.

"அந்த ஹார்ட்னர் எனக்கு ஒத்துக்கலையாம்."

அவள் சொட்டுக் குப்பியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு மட்டுமா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. பூனை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றான். பொய் சொல்லப் போகிறோம் என்று தெரிந்து பொய் சொல்பவர்கள் குறைவு. பெரும்பாலும் வாய் முந்திக்கொள்கிறது, மனம் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது.

"எனக்கு மட்டும்தான். சிலருக்குக் கத்தரிக்காய் தின்னா உடம்பு அரிக்குமே, அந்த மாதிரி."

"அவ்வளவுதானே! எனக்குக் கத்தரிக்காயும் அரிக்காது, கருங்கல்லும் அரிக்காது. நான் அடிக்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் அவளைக் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். பின்னால் அவன் இதைத் தனக்குத்தானே பலமுறை எடுத்துச் சொல்லிக்கொண்டான்.

வண்ணத் தண்ணீரைக் கன்னில் ஊற்றிப் பழைய செய்தித்தாளில் அடித்துப் பழகினாள். எத்தனையோ வருஷம் தேய்த்துத் தேய்த்து டேங்க்கின் வளைவுகள் அவள் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தன. கை போகிற வேகம், தூரம், ஒரு வீச்சின்மேல் அடுத்த வீச்சு பாதி ஏறுவது எல்லாமே அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது. முதல் நிஜ டேங்க்கை அடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"கண்ணு எரியுதுங்க."

"பழகிடும்."

"எப்படி வந்திருக்கு?"

அவன் டேங்க்கைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான். குறை தேடினான். அடிவிளிம்பில், வண்டியில் மாட்டினால் மறைந்துவிடும் இடத்தில், கடுகளவு ஒரு வழிசல் கிடைத்தது. "இதோ, அழுது வச்சிருக்க" என்று நகத்தால் காட்டினான். அவள் அதை உட்கார்ந்து தேய்த்து எடுத்தாள்.

முதலாளிக்குத் தெரியக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. பொம்பளை கையில் கன் இருக்கிறதென்று தெரிந்தால் ஒரு வண்டியும் வாசலில் நிற்காது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இருவரும் திரைக்குள் போவார்கள். கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் பூனை பின்கதவு வழியாகச் சந்துக்குள் இறங்கி, சுவரில் சாய்ந்து நல்ல காற்றை இழுத்துக்கொண்டு நிற்பான். கன்னின் சத்தத்திலிருந்தே உள்ளே என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரியும். எங்காவது சத்தம் நின்றால், "நிறுத்தாதே! கையை நிறுத்தாதே!" என்று கதவிடுக்கில் சீறுவான். அவனுடைய சட்டையை அவள் உள்ளே டேங்க்குக்குப் பின்னால் கொடியில் தொங்கவிட்டிருப்பாள், அதன்மேலும் புதுச்சாரல் படியட்டும் என்று. முடிந்ததும் அவன் அதை மாட்டிக்கொண்டு முன்பக்கமாக வெளியே போவான். இந்த யோசனையும் அவளுடையதுதான்.

"மாப்ளே, வர வர உன் கை மெருகேறுதுய்யா! இந்த டேங்க்குல முகம் பாத்துச் சவரம் பண்ணலாம்" என்றார் முதலாளி ஒருநாள்.

"எல்லாம் கைப்பழக்கம் மச்சான்."

அவள் அப்போது தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சிரித்தாள். அவன் பெயர் நிலைத்ததில் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்தபோது பூனைக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. நாம் யாருக்குத் தீங்கு செய்கிறோமோ அவர்கள் கொஞ்சம் கெட்டவர்களாகவும் இருந்தால் நமக்குச் சௌகரியம்.

அவனுக்கு மூச்சு திரும்பியது. இரும்புப் படியை ஒரே மூச்சில் ஏறினான். ஊதாக் குப்பி சட்டைப் பையில் சும்மா கிடந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. சந்துச் சுவரில் சாய்ந்து நிற்கும்போது சில நாள் சீட்டிகூட அடித்தான்.

அவளுக்குத் தொண்டையில் குறுகுறுப்பு வந்தது.

அவன் அதை முதல் இருமலிலேயே அடையாளம் கண்டுகொண்டான். தான் ஏறி வந்த படி அல்லவா? அடுத்தது சாயங்காலக் கயிறு என்று தெரியும். அது வந்தது. "நெஞ்சுல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"வெயில்ல போயிட்டு வந்து ஐஸ் தண்ணி குடிச்ச இல்ல, அதான்."

"நான் எங்க ஐஸ் தண்ணி குடிச்சேன்?"

"அப்ப குடிக்காததுனால இருக்கும், போ" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. வெந்நீர் போட்டுக் கொடுத்தான். அதில் அவன் குறை வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டான். அந்தக் கையில் பொய் இல்லை என்று சொல்லத்தான் வேண்டும், அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. இந்த டேங்க் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஒரு டேங்க் முடிந்தால் இன்னொன்று மேசைக்கு வந்துவிடும்.

முதலாளிக்கும் இருமல் கேட்டது. "என்ன தங்கச்சி, புருஷன் இருமலை வாங்கி வச்சுக்கிட்டியா? அவன் தேறிட்டான், நீ தேஞ்சுட்ட. இதுதாண்டா பத்தினி!" என்று வாசலில் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பூனையும் சிரித்தான். கொஞ்சம் உரக்கவே.

இந்த நிலையில்தான் பைக் பந்தயக் கிளப்பின் தலைவர் வந்தார். சலவைச் சட்டை போட்ட நெட்டை மனிதர். கிளப்பின் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கருநீலம் வேண்டும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. போன தடவை வேறொருவன் ஹார்ட்னர் போட்டதாகச் சத்தியம் செய்துவிட்டு ஒரு டின் பெயிண்டை அடித்துக் கொடுத்தானாம். முதல் பந்தயத்திலேயே மூடி ஓரமெல்லாம் உரிந்து வந்ததாம். அதனால் கலப்பதையும் அடிப்பதையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

"கண்ணால பாருங்க சார்! எங்க மாப்ளே அடிக்கிறதைப் பாக்கக் கொடுத்து வச்சிருக்கணும். நாளைக்கே வாங்க" என்றார் முதலாளி.

மாடியில் பூனை மனைவியிடம் சொன்னான்: "காலையில கம்ப்ரசர் பெல்ட்டைக் கழட்டி ஒளிச்சு வச்சிடு. ரிப்பேர்னு சொல்லி ரெண்டு நாள் தள்ளலாம். அதுக்குள்ள எதாவது வழி பண்றேன்."

"காலையில நான் ஆஸ்பத்திரிக்குப் போறேங்க. இன்னைக்குப் படியில உக்காந்து உக்காந்துதான் ஏறினேன்."

"ரெண்டு நாள் கழிச்சுப் போயேன். அப்படி என்ன தலை போற அவசரம்?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேசுவதற்கு மூச்சு மிச்சமில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான்.

காலையில் அவன் எழுந்தபோது அவள் போயிருந்தாள். பெல்ட் கம்ப்ரசரிலேயே இருந்தது. அதைக் கழற்றத் திருப்புளியோடு குனிந்தபோது, முதலாளியும் தலைவரும் டீக் குவளைகளோடு உள்ளே வந்துவிட்டார்கள். பூனை திருப்புளியால் முதுகைச் சொறிந்துகொண்டு நிமிர்ந்தான். திரைக்குள் போய்த் தரையில் தண்ணீர் தெளித்தான். டேங்க்கைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். அப்போது அவள் பின்சந்து வழியாகத் திரைக்குள் வந்தாள். கழுத்தில் இரண்டு பக்கமும் உருண்டை வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி ஒன்று புதிதாகத் தொங்கியது.

"அப்பாடா, வந்துட்டியா? மச்சான்கிட்ட பெல்ட் அறுந்து போச்சுன்னு..."

"டாக்டரம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்துச்சு" என்றாள் அவள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தது நீதானேம்மான்னு கேட்டாங்க. கூட வேலை செய்றவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லி அன்னைக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனேன்னாங்க. யாருக்கும் வரும்னு சொன்னேனேன்னாங்க."

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன். இந்த டேங்க் முடியட்டும்னு..."

"கத்தரிக்காய்" என்றாள் அவள்.

அவன் துடைத்த டேங்க்கையே மறுபடி துடைத்தான்.

"எனக்கு இன்னும் முத்தலையாம். நிறுத்தினா நல்லதாம். முடியலன்னா இது இல்லாம உள்ள காலு வைக்கக் கூடாதாம்" என்று முகமூடியைத் தொட்டுக் காட்டினாள்.

வெளியிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "மாப்ளே! சாருக்கு நேரமாகுது. என்னய்யா உள்ள குசுகுசுன்னு? புதுமாப்பிள்ளை மாதிரி!"

"பெல்ட் அறுந்திருச்சுன்னு சொல்லு" என்று பூனை வாயசைத்தான். கையைக்கூடக் கூப்பினான். அவள் அந்தக் கைகளைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"எல்லாம் ரெடிண்ணே" என்றாள் உரக்க. "அவரு அடிக்கப் போறாரு."

பிளாஸ்டிக் திரையை அவளே முழுதும் ஒதுக்கிவிட்டாள். தலைவர் பார்க்கும்படி பெயிண்டை அளந்தாள், ஹார்ட்னரை அளந்தாள், கலக்கினாள், வடிகட்டிக் கன்னில் ஊற்றினாள். கம்ப்ரசரைப் போட்டாள். கன்னைப் புருஷன் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"அடிங்க."

அவள் கழுத்தில் முகமூடி தொங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் கொடுத்திருப்பாளா என்பது அவனுக்குத் தெரியாது. கேட்டால் ஏன் கேட்கிறான் என்று முதலாளி கேட்பார் என்பது தெரியும். மூக்கை மூடிக்கொண்டு அடிக்கிறவனைப் பற்றி அவனே வாசலில் நின்று எவ்வளவோ பேசியிருக்கிறான். ஒரு கோட், ஒரே ஒரு பூச்சுதானே, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். உயிரை ஒரு பக்கமும் மானத்தை ஒரு பக்கமும் வைத்துக் கணக்குப் போடுகிறவனுக்கு விடை எப்போதும் தப்பாகத்தான் வரும், எந்தப் பக்கம் வந்தாலும்.

மேல்பக்கம் நன்றாக விழுந்தது. பாதத்தை உருட்டி வைத்து வலப்பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா சார், கை எப்படிப் போகுது!" என்றார் முதலாளி. வலப்பக்கம் பாதி தாண்டும்போது பிடித்து வைத்த மூச்சு தீர்ந்துபோயிற்று. புதிதாக ஒன்றை இழுத்தான். இழுத்தது உள்ளே போய் வழியை அடைத்துக்கொண்டது. அடுத்ததற்கு வாய் திறந்தான், ஒன்றும் வரவில்லை. முழங்கால் மடிந்து ஈரத்தரையில் உட்கார்ந்தான். கன் மட்டும் கையில் நிமிர்ந்தே இருந்தது.

"மாப்ளே! என்னய்யா ஆச்சு?" முதலாளி ஓர் அடி முன்னால் வந்தார், சாரல் முகத்தில் பட்டதும் சட்டை நுனியால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார். தலைவர் ஏற்கெனவே வாசலுக்குப் போயிருந்தார்.

அவள் குனிந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஊதாக் குப்பியை எடுத்து அவன் வாயில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். அவன் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். பிறகு முகமூடியை மேலே தூக்கி வாரை இறுக்கி, அவன் விரல்களிலிருந்து கன்னை எடுத்துக்கொண்டாள். ஒரு பூச்சைப் பாதியில் விட்டால் ஈர விளிம்பு காய்ந்து அந்த இடத்தில் கோடு விழும். கோட்டின் வழியாக என்றைக்காவது பெட்ரோல் உள்ளே இறங்கும். அவன் விட்ட இடத்திலிருந்து அவள் தொடங்கினாள்.

"தங்கச்சி! அதை விட்டுத்தொலை! இவனைப் பாரு!" என்று முதலாளி வாசலிலிருந்து கத்தினார்.

ரப்பருக்குள்ளிருந்து பேச முடியாது. அவள் இடக்கையை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று காட்டினாள். வலப்பக்கத்தை முடித்தாள். பின்பக்க வளைவை ஒரே வீச்சில் எடுத்தாள். இடப்பக்கம் வந்தபோது அவள் கால் அவன் முட்டியில் இடித்தது. ஒதுங்கி வைத்து மேலே போனாள். அவன் குப்பியை மறுபடி அழுத்தினான், மறுபடி அழுத்தினான். நூல் போல ஏதோ உள்ளே போகத் தொடங்கியது.

கோட் முடிந்ததும் கன்னைக் கொக்கியில் மாட்டினாள். டேங்க்கை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள். அப்புறம்தான் முகமூடியைக் கழற்றினாள்.

"அண்ணே, இவரைத் தூக்குங்க. சார், உங்க கார்ல கொஞ்சம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து ஆளுக்கொரு கையாக அவனைத் தூக்கினார்கள். முதலாளி அவளைப் பார்த்தார், டேங்க்கைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.  கடைசியில், "நீயும் வா, ஏறு" என்றார்.

"நீங்க போங்கண்ணே. இன்னும் ஒரு கோட் இருக்கு. இது முழுசா காயறதுக்குள்ள அது விழணும்."

காரின் பின்சீட்டில் பூனை வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் கேட்டால் என்ன சொல்வது என்று முதலாளி திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கார் கிளம்பும்போது பட்டறைக்குள் கம்ப்ரசர் மறுபடி ஓடத் தொடங்கியது.